ஒரு சாண் உயரம்

பாகூர்
10 செப்டம்பர் 1961

அன்புள்ள அரிக்கு,

நடேசன் அண்ணன் லாரி நேற்றுக் காலை வந்து சேர்ந்தது. கொத்தவால்சாவடியில் வாழைத்தாரை இறக்கிவிட்டு, உன் விடுதிக்குப் போய் வாங்கிவந்தேன் என்று புத்தகக் கட்டைக் கொடுத்தார். மூன்றும் பத்திரம். ஒன்றின் அட்டையில் மட்டும் வாழைக்கறை பட்டிருக்கிறது. எலுமிச்சை தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. நூலகர் கேட்டால் உன் ஊரில் வாழைத்தோப்பில் உட்கார்ந்துதான் படிப்பார்கள் என்று சொல்லிவிடு.

பழைய புத்தகங்கள் இரண்டையும் இதோடு அனுப்புகிறேன். நெப்போலியனின் கடைசி வருஷங்களைப் பற்றி நீ கேட்ட கட்டுரையும் உள்ளே இருக்கிறது. வழக்கம்போல உன் கையெழுத்தில் எடுத்து எழுதிக்கொள். எனக்கு ஆங்கிலம் உன் பாடப்புத்தகங்களிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் வந்தது பிரெஞ்சு. வாக்கியம் எங்கேயாவது வளைந்து போயிருந்தால் நிமிர்த்திவிடு. மூன்றாவது பக்கத்தில் அந்தத் தீவைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் மாற்றாதே. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கே மழை தொடங்கவில்லை. கரும்பில் காய்ந்த சோகையை அப்பா உரித்துக்கொண்டிருக்கிறார். நேற்று சாயங்காலம் களத்துப் பக்கம் போனேன். உன் பனைமரக் கம்பமும் வளையமும் அப்படியே நிற்கின்றன. வலைதான் நைந்து, மூன்று கண்ணி மட்டும் தொங்குகிறது. மீன் விற்க வரும் ராமாயி அந்தப் பழைய வலையைக் கொடுத்தபோது அம்மா கேட்டது நினைவிருக்கிறதா? "இன்னாடா, பந்துக்கு வலையா? அதுல வெறால் மாட்டுமா, கெளுத்தி மாட்டுமா?" அப்போது உனக்குப் பதினைந்து வயது. டிரில் மாஸ்டரிடம் கூடைப்பந்தின் ஆங்கில விதிப் புத்தகத்தை இரவல் வாங்கிவந்து, நான் படித்துச் சொல்லச் சொல்ல நீ களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாய். ஆரோக்கியம் ஆசாரியிடம் "வளையம் பத்தடி உயரத்தில் வரணும்" என்று சொன்னவள் நான். அவர் அளந்து நட்டார். அறுவடை முடிந்து களம் காலியானால் ஆட்டம். நெல் வந்தால் ஆட்டம் இல்லை. ஊரில் வேறு யாருக்கும் அது என்ன விளையாட்டென்றே தெரியவில்லை. நானும் நீயும்தான்.

இரண்டு வாரமாக நீ எழுதவில்லை. கட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் அக்கா,
ராஜாமணி


சென்னை
24 செப்டம்பர் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. எழுதாததற்குக் காரணம் வேறு. இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். நீ என்றால் ஒரே தடவையில் எழுதியிருப்பாய்.

சென்ற மாதம் நாங்கள் கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் இறுதி ஆட்டம் ஆடினோம். ரயில்வே அணியைச் சேர்ந்த ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். அவர்கள் அணியில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது. பெயருக்குக் குமாஸ்தா வேலை. உண்மையில் காலையும் மாலையும் பயிற்சி, வருஷம் முழுவதும் ஊர் ஊராக ஆட்டம். டிசம்பர் முதல் தேதி சேர வேண்டும். கல்லூரியையும் அதையும் சேர்த்துப் பார்க்க முடியாது. பி.ஏ.யை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட வேண்டும்.

எனக்குப் போக ஆசையாக இருக்கிறது அக்கா. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நெப்போலியன் கட்டுரையைப் பேராசிரியர் வகுப்பில் எழுந்து நின்று படித்தார். அந்தத் தீவு வரும் இடத்தில் நிறுத்தி, இரண்டாம் முறையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "கடலைச் சிறைக்கதவு என்று ஏன் எழுதினாய், விளக்கு" என்றார். நான் எழுந்து நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வகுப்பில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். இறுதி ஆட்டத்தில் பத்து நொடி இருக்கும்போது பந்து கையில் வந்தால்கூட எனக்கு அப்படி வியர்த்தது இல்லை. "மறந்துவிட்டது சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார்.

அப்பாவிடம் நீ சொல்வாயா? நீ சொன்னால் கேட்பார்.

தம்பி,
அரிகிருஷ்ணன்


பாகூர்
1 அக்டோபர் 1961

அரிக்கு,

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

பந்து எத்தனை வருஷம் சோறு போடும்? முழங்கால் ஒரு தடவை பிசகினால் அந்த ஆள் உன்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வானா? பட்டம் பிசகாது. உன் வயதில் எல்லோருக்கும் கைதட்டல் இனிப்பாகத்தான் இருக்கும்.

நான் புதுச்சேரி கான்வென்டில் படித்தது உனக்கு நினைவிருக்கும். பதினைந்து வயது எனக்கு. ஐம்பத்து நான்கு நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக் கொடி போய் நம் கொடி ஏறியது. எங்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். நானும் சந்தோஷமாகத்தான் வாங்கித் தின்றேன். அந்த வருஷத்தோடு அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "வெள்ளைக்காரனே போயிட்டான், அவன் பாஷ எதுக்கு?" என்றார். ஆங்கிலத்தில் மறுபடி ஆரம்பித்தால் என்னைவிட மூன்று வயது சின்னப் பெண்களோடு உட்காரவேண்டும், வயசுப்பெண்ணுக்கு அது நன்றாக இருக்காது என்றார்கள். அப்புறம் நீ சென்னைக்குப் போனபோது உன் டிரங்குப் பெட்டியில் புத்தகங்களை அடுக்கியவள் நான். அன்று எனக்குக் கொஞ்சம்கூடப் பொறாமை இல்லை. அதை நம்பு.

வகுப்பில் கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்றால், படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடிப்போகக் கூடாது.

அந்த மூன்று புத்தகங்களில் இரண்டை முடித்துவிட்டேன். மூன்றாவதை வேண்டுமென்றே மெதுவாகப் படிக்கிறேன்.

ராஜாமணி


சென்னை
29 அக்டோபர் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் "உன் அக்கா" என்ற வார்த்தை இல்லை. கவனித்தேன்.

நீ சொல்லாததால் நானே அப்பாவுக்கு எழுதிப்போட்டேன். அப்பா பதில் எழுதவில்லை. சென்ற சனிக்கிழமை நடேசன் அண்ணன் லாரியில் நேராக வந்து இறங்கிவிட்டார். திருக்கனூர்ச் சந்தைக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருப்பார். உண்மையில் இங்கேதான் வந்தார். வேட்டியில் வாழைக்கறை. அன்று மாலை எங்களுக்கு ஒரு சின்ன ஆட்டம் இருந்தது. பலகைக்குக் கீழே முதல் வரிசையில் உட்காரவைத்தேன். துண்டை மடியில் போட்டுக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து மடை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கேட்டார். "மத்தவன் போடற பந்து நேரா போயி வுழுது. ஒன்னுது மட்டும் மேல போயி, கொஞ்சம் யோசிச்சிட்டு எறங்குது. இன்னா அது?"

நான் உயரம் குறைவு, அப்படிப் போட்டால்தான் நெட்டையன்கள் கைக்கு எட்டாது என்றேன்.

"ஒங்க அக்கா மாரி இருக்குது," என்றார். "எதச் சொன்னாலும் மேல பாத்து யோசிச்சிட்டுதான் எறங்குவா."

பிறகு ரயில்வே வேலையைப் பற்றிச் சொன்னேன். அப்பா மறுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. லாரி கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார். "நீ படிக்கிற படிப்பு ரெண்டு பேரு படிப்புடா. அவ ஒனக்கு எழுதித் தர்றத நான் பாக்கலன்னு நெனச்சியா? அவளக் கேளு. அவ வேணாம்னா வேணாம்."

அதனால் முடிவு உன் கையில் இருக்கிறது. நீ இருக்கச் சொன்னால் இருந்துவிடுகிறேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நேற்று நூலகர் என்னிடம், "இந்தக் கல்லூரியில் உன் கார்டில்தான் அதிகப் புத்தகம் போயிருக்கிறது, பந்தும் ஆடிக்கொண்டு எப்போது படிக்கிறாய்?" என்றார். அந்தப் பேரேட்டைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் உன் புத்தகங்கள். எனக்கென்று நான் எடுத்தது ஒன்றே ஒன்று, அதுவும் அட்லஸ்.

நான் போனால் கார்டை ஒப்படைக்க வேண்டும். அக்கா, நீ கோபப்படுவது பட்டத்துக்காகவா?

நவம்பர் முடிவதற்குள் பதில் போடு.

தம்பி,
அரி


பாகூர்
21 நவம்பர் 1961

அன்புள்ள அரிக்கு,

மூன்று வாரம் ஆகிவிட்டது. நீ தபால்காரனைப் பார்த்துப் பார்த்து ஏமாந்திருப்பாய்.

அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மறுபடி வேறு எதையாவது எழுதிக்கொண்டு போய்விடுவேன். இல்லை, பட்டத்துக்காக இல்லை. நீ அங்கே இருக்கிறவரை எனக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று நீ எழுதுவாய். நான் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே அதை யோசிப்பேன். அடுத்த தேர்வில் என்ன கேட்பார்கள் என்று எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். நீ விட்டுவிட்டால் நானும் இரண்டாம் வருஷத்தில் நின்றுபோகிறேன் என்று தோன்றியது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, முழங்காலைப் பற்றியும் கைதட்டலைப் பற்றியும் எழுதினேன். என்னை மன்னித்துவிடு.

இப்போது இன்னொரு விஷயம். இதைச் சொல்ல அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

தீபாவளிக்கு மறுநாள் அடித்த மழைக்காற்றில் உன் கம்பம் சாய்ந்துவிட்டது. அடி கரையான் தின்று உளுத்துப்போயிருந்தது. நம் சண்டைக்கு நடுவில் அது களத்துச் சேற்றில் குப்புறக் கிடந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நாலு நாள் வெயில் அடித்ததும் ஆரோக்கியம் ஆசாரியைக் கூப்பிட்டு, வேறு மரம் வெட்டி நடச் சொன்னேன். "அதே அளவுதானேம்மா?" என்றார். ஆமாம் பத்தடி என்றேன். அவர் தன் கோலை எடுத்து மரத்தில் வைத்துக் குறி போட ஆரம்பித்தார். நான் சும்மா நிற்காமல் உன் பழைய டப்பாவிலிருந்த பள்ளிக்கூட ஓரடி அளவுகோல் கட்டையைக் கொண்டுவந்து மறுபக்கம் அளந்தேன். எனக்கு எட்டடி வரும் இடத்தில் அவருக்கு ஏழரைதான் ஆகியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் கோலில் ஓர் அடி, உன் கட்டையைவிட ஒரு விரற்கடை நீளம்.

அவர் அசரவில்லை. "எங்க தாத்தா காலத்துக் கோலும்மா. புதுச்சேரியில வெள்ளக்காரன் வூட்டுக் கதவெல்லாம் இதுலதான் பண்ணோம். ஒங்க வூட்டுக் கதவும் இதுலதான். தம்பியோட கட்டதான் குட்ட."

அது பழைய பிரெஞ்சு அடி, அரி. கான்வென்டில் எங்களுக்குக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஊரில் அதை அறிந்தவள் நான் ஒருத்திதான். ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துச் சொன்னவளும் நானே. இரண்டும் தெரிந்தவள் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? பத்தடிக்குப் பத்து விரற்கடை, கிட்டத்தட்ட ஒரு சாண். உன் பதினைந்து வயதிலிருந்து ஒரு சாண் தப்பான உயரத்துக்கு உன்னை எறிய வைத்திருக்கிறேன். சென்னைக்குப் போய் நீ எவ்வளவு தடுமாறியிருப்பாய். ஒரு வார்த்தை எழுதவில்லையே. வெயிலில் நீ எம்பி எம்பி எறிவதையும் நான் வரப்பில் உட்கார்ந்து புத்தகத்தைத் தாழ்த்தி, "இன்னும் மேலே" என்று சொன்னதையும் நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மரத்தை நட்டாயிற்று. வளையத்தை மட்டும் இன்னும் மாட்டவில்லை. ஆசாரியை நாளைக்கு வாருங்கள், நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நீ ரயில்வேயில் சேர். நான் சொன்னேன் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன். "யோசிச்சு எறங்கிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்போது எனக்கு அது புரியவில்லை. உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

கடைசிப் புத்தகத்தில் நாற்பது பக்கம் மிச்சம் இருக்கிறது. முடித்து அனுப்பிவிடுகிறேன்.

உன் அக்கா,
ராஜாமணி


சென்னை
30 நவம்பர் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

வளையத்தைக் குறைத்து மாட்டாதே.

எனக்கு அது முதல் நாளே தெரியும். கல்லூரி மைதானத்தில் நான் எறிந்த முதல் ஆறு பந்தும் பலகைக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் விழுந்தன. எல்லோரும் சிரித்தார்கள். "எந்த ஊருடா, தென்னை மரத்தில் பழகினாயா?" என்று ஒருவன் கேட்டான். பனைமரம் என்றேன், இன்னும் சிரித்தார்கள். அந்த வருஷம் பொங்கலுக்கு வந்தபோது ஒரு கயிற்றில் இங்கத்து உயரத்தை முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து, நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் கம்பத்தை அளந்து பார்த்தேன். சரியாக ஒரு சாண்.

அப்போதே சொல்லியிருந்தால் நீ அன்று மாலையே ஆசாரியைக் கூப்பிட்டிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. ஒவ்வொரு விடுமுறையும் வந்து அந்த உயரத்தில்தான் பழகினேன். இங்கே திரும்பி வந்தால் வளையம் கீழே இறங்கி, வாயைத் திறந்துகொண்டு எனக்காகக் காத்திருப்பதுபோல் இருக்கும். அப்பா கேட்டாரே, ஏன் மேலே போய் இறங்குகிறது என்று. உயரம் குறைவு என்று பாதி உண்மைதான் சொன்னேன். மீதி அந்த ஒரு சாண். ரயில்வேக்காரரும் அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்.

நாளைக்குச் சேர்கிறேன். இன்று காலை நீ திருப்பி அனுப்பிய மூன்று புத்தகங்களோடு லைப்ரரி கார்டை ஒப்படைத்தேன். நூலகர் வாங்கிக்கொண்டு, "வாசிப்பை விட்டுவிடாதே" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாம் என் அக்காவுக்கு எடுத்தது சார் என்று சொல்லிவிட்டேன். அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அவர்கள் எந்தக் கல்லூரி?" என்று கேட்டார்.

அங்கிருந்து நேராகப் பேராசிரியரிடம் போனேன். கட்டுரைகளெல்லாம் நீ எழுதியவை என்று அவரிடமும் சொன்னேன். கோபித்துக்கொண்டார். நியாயம்தான். திட்டி முடித்துவிட்டு, அந்தப் பெண்ணின் கையெழுத்தில் இருப்பவை உன்னிடம் உண்டா என்றார். இருந்தன. நான் ஒன்றையும் தூக்கிப்போட்டதில்லை, பெட்டிக்கு அடியில் பதினொன்றையும் வைத்திருந்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் மறுபடி மதிப்பெண் போட்டார். எனக்குப் போட்டதைவிட இரண்டு மூன்று குறைவாகத்தான் போட்டிருக்கிறார். ஏன் சார் என்றேன். "நீ பந்து ஆடிக்கொண்டு எழுதுகிறாய் என்று இரக்கப்பட்டுப் போட்டது அது. இந்தப் பெண்ணுக்கு இரக்கம் தேவையில்லை" என்றார்.

பதினொன்றையும் நடேசன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தத் தடவை வாழைக்கறை படும் இடத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி,
அரி


பாகூர்
4 மார்ச் 1962

அன்புள்ள அரிக்கு,

பம்பாயிலிருந்து நீ போட்ட அட்டை வந்தது. தோற்றுவிட்டோம் என்பதைச் சின்ன எழுத்திலும் நீ போட்ட புள்ளிகளைப் பெரிய எழுத்திலும் எழுதியிருக்கிறாய். அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கழனிக்குப் போகிறார்.

கட்டுரைகளை இத்தனை நாளாக ஒவ்வொன்றாகப் படித்தேன். நெப்போலியன் தீவுப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் 'அழகு. ஆனால் ஆதாரம்?' என்று எழுதியிருக்கிறார். முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தேன், அவர் சொல்வது சரி. ஏழு வருஷத்தில் என்னிடம் யாரும் ஆதாரம் கேட்டதில்லை. மறுபடி யாராவது கேட்க வேண்டும்போல் இருந்தது.

சென்ற வாரம் அம்மாவோடு கடலூருக்குப் போனேன். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிறோம் என்று பெயர். நம் பெரியப்பா மகள் ஜெயாவின் கல்யாணம்தான், நீ பயப்படாதே. புடவைக் கடையில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, மெட்ரிகுலேஷன் பரீட்சையைத் தனியாக எழுதுவது எப்படி என்று விசாரித்துப் படிவம் வாங்கிவந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டாள், "அந்தக் காயிதத்த இன்னாத்துக்கு ரவிக்கைத் துணி மாரி மடியில வச்சிக்கினு இருக்க?" சொன்னேன். சின்னப் பெண்களோடு உட்காரவேண்டுமே என்றாள். உட்காருகிறேன் என்றேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கன்னியக்கோயில் தாண்டியதும், "கண்ணுக்கு மை வெச்சிக்கினு போவாத, வயசு தெரியும்" என்றாள். அவ்வளவுதான் அவள் எதிர்ப்பு.

படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரை எழுதினேன். நம் கடிதங்களைத் தவிர வேறு எதிலும் அதை எழுதி ஏழு வருஷம் ஆகிறது.

சம்பா அடித்து முடிந்தது. நேற்றோடு களம் காலி. ஆரோக்கியம் ஆசாரி வந்தார். "எந்தக் கோலும்மா, என்னுதா தம்பியுதா?" என்று கேட்டார். உங்களுடையது என்றேன். தன் கோலைத் துண்டால் துடைத்துவிட்டு, ஜெயித்தவர்போல் ஏறி வளையத்தை மாட்டினார். ராமாயி புது வலையே கொடுத்திருக்கிறாள்.

உன் பழைய பந்துக்குக் காற்றடித்து வைத்திருக்கிறேன். இன்று விடியற்காலையில், யாரும் வருவதற்கு முன்னால் போய் எறிந்து பார்த்தேன். இருபத்தேழு தடவை. வளையத்துக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஒரு தடவை பந்து வாய்க்காலில் விழுந்து, இறங்கி எடுத்து வருவதற்குள் புடவை முழங்கால்வரை நனைந்துவிட்டது.

இருபத்தெட்டாவது கம்பத்தில் பட்டது. நாளைக்கும் போவேன்.

உன் அக்கா,
ராஜாமணி